ஆளில்லா வீட்டுக்குக் கவுன்சில் வரி: இங்கிலாந்தில் வீடு வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோர் மறைந்தபின் பூட்டிக் கிடக்கும் வீடு, வாடகைக்காரர் காலி செய்து போன வீடு, வாங்கியும் குடிபோகாத வீடு என்று ஆளில்லாத வீடுகள் பல வகைப்படும். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் ஏப்ரல் மாதங்களில் நடைமுறைக்கு வந்த மாற்றங்களுக்குப் பிறகு, இத்தகைய வீடுகளுக்கான கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வீடுகளுக்கு விதிக்கும் வரி, பலருக்கு எதிர்பாராத அதிர்ச்சியாக வந்து சேர்கிறது. கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் வேறானவை என்பதால் அவற்றைப் பற்றித் தனியே ஒரு கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

யாரும் வசிக்காத வீட்டுக்கும் கவுன்சில் வரி கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். "ஆளில்லாத வீட்டுக்குப் பாதி வரிதானே" என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். அந்த நினைவுக்கு ஒரு காரணம் உண்டு. 1992-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின்படி 1993 ஏப்ரலில் இந்த வரி நடைமுறைக்கு வந்தபோது, ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வசிக்கிறார்கள் என்ற அடிப்படையில்தான் முழு வரி வகுக்கப்பட்டது. ஒருவர் மட்டுமே வசித்தால் 25 சதவீதத் தள்ளுபடியும், யாருமே வசிக்கவில்லையென்றால் அதைப்போல் இரு மடங்கும் கிடைத்தன. தனியாக வசிப்பவருக்கான 25 சதவீதம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆளில்லாத வீட்டுக்கான தள்ளுபடியைக் கூட்டவும் குறைக்கவும் அறவே நீக்கவும் கவுன்சில்களுக்குப் பின்னர் அதிகாரம் தரப்பட்டது. குறிப்பாக 2013 ஏப்ரல் முதல், காலி வீட்டுக்கு முதல் ஆறு மாதம் தானாகவே கிடைத்துவந்த விலக்கும், பெரும் பழுதுபார்ப்பு நடக்கும் வீட்டுக்கு ஓராண்டு வரை கிடைத்துவந்த விலக்கும் எடுக்கப்பட்டுவிட்டன. அவற்றின் இடத்தில், விரும்பினால் தள்ளுபடி தரலாம் என்ற உரிமை மட்டும் கவுன்சில்களிடம் விடப்பட்டது. ஆகவே உங்கள் கவுன்சில் முதல் மாதம் முழுவதற்கும் தள்ளுபடி தரலாம், ஒரு நாளுக்குக்கூடத் தராமலும் இருக்கலாம். இரண்டுமே சட்டத்துக்கு உட்பட்டவைதாம்.

சட்டத்தின் பார்வையில் "காலி வீடு" என்பது எது?

இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். வீட்டில் யாரும் வசிக்கவில்லை என்பது ஒரு நிபந்தனை. வீட்டில் பெரும்பாலும் தளவாடங்கள் இல்லை என்பது இரண்டாவது நிபந்தனை. இரண்டும் ஒருங்கே பொருந்தினால்தான் அது நீண்டகாலக் காலி வீடு என்ற கணக்குக்குள் வரும். யாரும் வசிக்காமல், ஆனால் கட்டில், மேசை, நாற்காலி, அடுப்பு முதலியவற்றோடு குடியிருக்கத் தயாரான நிலையில் வீடு இருந்தால், அது பேச்சுவழக்கில் இரண்டாம் வீடு என்ற வகைக்குப் போய்விடும். அந்த வகைக்கு விதிகள் வேறு.

"பெரும்பாலும் தளவாடம் இல்லாதது" என்பதற்குச் சட்டத்தில் எண்ணிக்கையோ பட்டியலோ இல்லை. ஒரு மனிதர் அந்த வீட்டில் இயல்பாக வாழத் தேவையான பொருள்கள் இருக்கின்றனவா என்பதையே அதிகாரிகள் பார்க்கிறார்கள். திரைச்சீலையும், தரைவிரிப்பும், சுவரோடு பொருத்திய அலமாரிகளும் மட்டும் இருப்பதைக் காட்டி வீடு தளவாடங்களோடு இருக்கிறது என்று வாதிடுவது எடுபடுவது அரிது.

கூடுதல் வரி எப்போது தொடங்கும், எவ்வளவு வரும்?

வழக்கமான வரிக்கு மேல் விதிக்கப்படும் தொகையைக் கவுன்சில்கள் "பிரீமியம்" என்று அழைக்கின்றன. 2013-இல் இது அறிமுகமானபோது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாக இருந்த வீட்டுக்கு அதிகபட்சம் 50 சதவீதமாக இருந்தது. 2018-இல் நிறைவேறிய சட்டம் அதை 2019 ஏப்ரல் முதல் 100 சதவீதமாக உயர்த்தியது. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய வீட்டுக்கு 2020 ஏப்ரல் முதல் 200 சதவீதமும், பத்து ஆண்டுகளைத் தாண்டியதற்கு 2021 ஏப்ரல் முதல் 300 சதவீதமும் விதிக்க அதே சட்டம் இடம் தந்தது. பின்னர் வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் காத்திருப்புக் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து ஓராண்டாகச் சுருக்கியது. இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கணக்கு எளிமையாக இருக்கட்டும் என்பதற்காக, ஒரு வீட்டின் வழக்கமான ஆண்டு வரி 2,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கவுன்சில் உச்ச அளவையே விதிக்கிறது என்றால், ஓராண்டு முடிந்தபின் ஆண்டுக்கு 4,000 பவுண்டும், ஐந்து ஆண்டு முடிந்தபின் 6,000 பவுண்டும், பத்து ஆண்டு முடிந்தபின் 8,000 பவுண்டும் வரும். 100 சதவீதப் பிரீமியம் என்றால் வழக்கமான வரி போக அதே அளவு இன்னொரு மடங்கு என்று பொருள். "நூறு சதவீதம்" என்பதைப் பார்த்துவிட்டு, தள்ளுபடியின்றி முழு வரி கேட்கிறார்கள் போலும் என்று எண்ணி முதல் கட்டணச் சீட்டை ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு.

இவை உச்ச அளவுகள் மட்டுமே. பிரீமியம் விதிப்பதா, எவ்வளவு விதிப்பது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனியே முடிவு செய்கிறது.

நான் வீட்டை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. எனக்கு எப்படி இரட்டை வரி வந்தது?

காலி என்ற கணக்கு வீட்டோடு ஒட்டியது, உரிமையாளரோடு ஒட்டியது அன்று. முந்தைய உரிமையாளரின் காலத்தில் பதினொரு மாதம் காலியாகக் கிடந்த வீட்டை நீங்கள் வாங்கி, இன்னும் ஒரு மாதம் குடிபோகாமலும் தளவாடம் போடாமலும் வைத்திருந்தால் ஓராண்டு நிறைந்துவிடும். கைமாறியதால் கடிகாரம் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்காது. இதே காரணத்தால், ஒன்பது ஆண்டுகளும் சில மாதங்களும் பூட்டிக் கிடந்த வீட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று ஏலத்தில் எடுப்பவர், நான்கு மடங்கு வரியின் வாசலில் நின்றுகொண்டு வாங்குகிறார்.

ஆகவே வாங்குவதற்கு முன்பே, வரிக் கணக்கின்படி அந்த வீடு எந்தத் தேதியிலிருந்து காலி என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். வழக்கமான விசாரணைப் படிவங்களை நிரப்புவதோடு இது தானாக வெளிப்பட்டுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இடையில் சில நாள் யாரையாவது தங்கவைத்தால் காலக்கணக்கு முறிந்துவிடுமா?

ஆறு வாரம் வரையிலான தங்கல் கணக்கில் கொள்ளப்படாது. உறவினர் ஒருவரை ஒரு மாதம் தங்கவைத்துவிட்டு, காலக்கணக்கு புதிதாகத் தொடங்கியது என்று சொன்னால் அது செல்லாது. தளவாடங்களைச் சில வாரங்களுக்கு மட்டும் கொண்டுவந்து வைப்பதற்கும் இதே விதிதான். ஆறு வாரத்துக்கு மேல் உண்மையாகவே குடியிருந்தார்கள் என்றால், மின்கட்டணச் சீட்டு, தண்ணீர்க் கணக்கு, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றால் அதைக் காட்ட முடியும். மின்சாரம் ஓடாத வீட்டில் இரண்டு மாதம் ஒருவர் குடியிருந்தார் என்று எழுதிக் கொடுப்பது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

அப்படியானால் கட்டில், மேசைகளைப் போட்டு வைத்துவிட்டால் பிரீமியத்திலிருந்து தப்பலாமா?

ஒரு காலத்தில் பலர் இதைச் செய்தார்கள். கவுன்சில்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல், யாருடைய முதன்மை வசிப்பிடமாகவும் இல்லாத, தளவாடங்களோடு இருக்கும் வீட்டுக்கும் 100 சதவீதம் வரை பிரீமியம் விதிக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் கிடைத்துவிட்டது. இதற்கு ஓராண்டுக் காத்திருப்பும் கிடையாது. ஆகவே இத்தகைய பிரீமியத்தை ஏற்றுக்கொண்ட கவுன்சிலின் எல்லைக்குள், வெறும் வீடாக இருந்தால் முதலாண்டில் ஒரு மடங்கோடு நின்றிருக்கக்கூடிய வரி, நீங்கள் கட்டிலைப் போட்ட நாளிலிருந்து இரு மடங்காகலாம். பத்தாண்டு காலியான வீட்டுக்குரிய நான்கு மடங்கோடு ஒப்பிட்டால் இது குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான். ஆனால் அந்த நிலை வரைக்கும் ஒரு வீட்டை விட்டுவைத்தவருக்குத் தளவாடம் ஒரு தீர்வாகாது.

இந்தப் பிரீமியத்தை விதிக்க விரும்பும் கவுன்சில், அது தொடங்கும் நிதியாண்டுக்குக் குறைந்தது ஓராண்டு முன்னரே தீர்மானம் நிறைவேற்றியிருக்க வேண்டும். உங்கள் கவுன்சில் எப்போது தீர்மானித்தது என்பதை அதன் கூட்டக் குறிப்புகளில் பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர் இறந்துவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு என்ன விதி?

துயரத்தோடு கணக்கும் பார்க்க வேண்டிய நேரம் என்பதால், இதைப் படிப்படியாகச் சொல்வதே நல்லது. இறந்தவர் மட்டும் வசித்து, அதன்பின் யாரும் குடியிராமல், வரிப் பொறுப்பு அவருடைய சொத்தின் நிர்வாகத்தில் மட்டுமே இருக்கும்வரை, "எஃப்" வகுப்பு விலக்கின்படி அந்த வீட்டுக்கு வரியே இல்லை. உயில் உறுதிச் சான்றான புரோபேட் கிடைக்கும் வரையிலும், உயில் இல்லாவிட்டால் நிர்வாக உரிமைப் பத்திரம் கிடைக்கும் வரையிலும் இது தொடரும். சான்று கிடைக்க ஓராண்டு ஆனாலும் விலக்கு நிற்காது. சான்று கிடைத்தபின் மேலும் அதிகபட்சம் ஆறு மாதம் இது நீடிக்கும். அதற்குள் வீடு விற்கப்பட்டாலோ, வாரிசின் பெயருக்கு மாற்றப்பட்டாலோ, யாராவது குடிவந்தாலோ விலக்கு அந்த நாளோடு முடிந்துவிடும்.

இதிலிருந்து வேறானது பிரீமியத்திலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. 2025 ஏப்ரல் முதல், புரோபேட் கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்கு அந்த வீட்டின்மேல் பிரீமியம் விதிக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கமான ஒரு வீட்டின் நிலை இப்படி அமையும்: சான்று வரும்வரை வரி இல்லை, வந்தபின் முதல் ஆறு மாதமும் வரி இல்லை, ஏழாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதம் வரை வழக்கமான வரி, அதன்பின்னும் வீடு அப்படியே இருந்தால் பிரீமியம் வரலாம். உடன்பிறந்தார் பலர் சேர்ந்து, விற்பதா வைத்துக்கொள்வதா என்று பேசி முடிக்க இந்தப் பதினெட்டு மாதமும் கையில் இருக்கிறதென்று நினைத்துவிடக் கூடாது. ஆறும் பன்னிரண்டும் கூடுவதில்லை. இரண்டும் ஒரே நாளில்தான் தொடங்குகின்றன.

வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முயன்றுகொண்டிருக்கிறேன். எனக்கும் பிரீமியமா?

உண்மையான முயற்சி நடக்கும் வீட்டுக்கு, அது சந்தைக்கு வந்த தேதியிலிருந்து கணக்கிட்டு அதிகபட்சம் 12 மாதம் பிரீமியத்திலிருந்து விலக்கு உண்டு. காலியான வீடு, தளவாடங்களோடு உள்ள இரண்டாம் வீடு என இரண்டுக்குமே இது பொருந்தும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறும் வீட்டைக் காலியான அன்றே விற்பனைக்கு வைத்தீர்கள் என்றால், பிரீமியமே இல்லாத முதலாண்டிலேயே இந்த 12 மாதமும் கரைந்துவிடும். ஓராண்டு முடியும் தறுவாயில் சந்தைக்கு வந்த வீட்டுக்கே இது முழுதாகப் பயன்படும். இது நியாயமா என்று கேட்டால், உடனடியாக விற்க முனைந்தவருக்கே குறைவான பயன் கிடைக்கும்படி அமைந்துவிட்டது என்பதுதான் எமது கருத்து. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

முகவரின் விளம்பரம், அதில் குறிப்பிட்ட விலை, பார்க்க வந்தவர்களின் பதிவு ஆகியவற்றைக் கவுன்சில் கேட்கும். அதே பகுதியில் அதே மாதிரி வீடுகள் போகும் விலையைவிட மிக அதிகமாகக் கேட்டுக்கொண்டு, யாரும் வாங்கவில்லை என்று சொன்னால் அது முயற்சியாக ஏற்கப்படாது. விற்பனைக்கான விலக்கை ஒரே உரிமையாளர் அதே வீட்டுக்கு மறுபடி பெற முடியாது. வாடகைக்கான விலக்கை மறுபடி பெற வேண்டுமென்றால், இடையில் குறைந்தது ஆறு மாதம் தொடர்ச்சியாக வீடு வாடகைக்குப் போயிருக்க வேண்டும்.

பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது. அந்த வீட்டில் யாரும் வாழவே முடியாது. இதற்கு வழி இல்லையா?

மூன்று தனித்தனி வழிகள் உள்ளன. மக்கள் பெரும்பாலும் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, கவுன்சில் தன் விருப்பப்படி தரும் தள்ளுபடி. சில கவுன்சில்கள் தருகின்றன, பல தருவதில்லை. இரண்டாவது, பெரும் பழுதுபார்ப்போ கட்டமைப்பு மாற்றமோ தேவைப்படுகிற அல்லது நடக்கிற காலி வீட்டுக்கு 12 மாதம் வரை கிடைக்கும் பிரீமிய விலக்கு. இது 2025-இல் புதிதாக வந்தது. காலி வீட்டுக்கு மட்டும் உரியது, இரண்டாம் வீட்டுக்குக் கிடையாது. புதிய சமையலறையும் வண்ணப்பூச்சும் பெரும் பழுதுபார்ப்பாகக் கொள்ளப்பட மாட்டா. கூரை, சுவர், தளம் போன்றவற்றைத் தொடும் வேலையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழிக்குக் கவுன்சிலிடம் போகக் கூடாது. வீட்டின் வரிப் பிரிவுகளை வைத்திருக்கும் மதிப்பீட்டுப் பட்டியலின் அதிகாரியிடம் போக வேண்டும். நியாயமான அளவு பழுதுபார்த்தாலும் குடியிருக்கத்தக்க வீடாக மாறாது என்ற அளவுக்குச் சிதைந்த கட்டடத்தையும், பெரும் மாற்று வேலைக்காக உள்ளே முழுவதும் பிரித்துப் போடப்பட்ட கட்டடத்தையும் பட்டியலிலிருந்தே நீக்கும்படி கேட்கலாம். நீக்கினால் வரியே இல்லை. ஆனால் இந்த வரம்பு மிகவும் உயர்ந்தது. ஒழுகும் கூரையும், வெட்டிவிட்ட தண்ணீர் இணைப்பும், பூஞ்சை பிடித்த சுவரும் மட்டும் போதா. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தேதியிட்ட படங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். முடித்த பிறகு பழைய நிலையை மெய்ப்பிப்பது கடினம்.

இதோடு தொடர்புடைய, பலர் அறியாத ஒரு பயனும் உண்டு. வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது யாரும் வசிக்காத வீட்டைப் புதுப்பித்தால், மதிப்புக் கூட்டு வரியான வாட்டுக்குப் பதிவு செய்த ஒப்பந்தக்காரர் வழக்கமான 20 சதவீதத்துக்குப் பதிலாக 5 சதவீத வாட் மட்டும் விதிக்க முடியும். காலியாக இருந்ததற்கான சான்றுக் கடிதத்தைக் கவுன்சிலின் காலி வீட்டு அலுவலரிடம் கேட்கலாம். ஆக, பிரீமியத்துக்குக் காரணமான அதே பதிவேடு இங்கே உங்களுக்கு உதவுகிறது.

புதிதாகக் கட்டிய வீடு இன்னும் முழுதாக முடியவில்லை. வரி எப்போது தொடங்கும்?

மீதி வேலையை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடலாம் என்று கருதினால், கவுன்சில் உங்களுக்கு நிறைவு அறிவிப்பு ஒன்றை அனுப்பி, அதில் ஒரு தேதியைக் குறிப்பிடலாம். உண்மையில் வேலை முடியாவிட்டாலும் அந்தத் தேதியில் வீடு முடிந்ததாகவே கொள்ளப்படும். ஏற்கவில்லையென்றால் நான்கு வாரத்துக்குள், கவுன்சில் வரித் தகராறுகளை விசாரிக்கும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். இந்தக் கெடு மிகக் குறுகியது.

ஊரில் ஓராண்டு தங்கப் போகிறேன். என் வீடு காலி வீடாகிவிடுமா?

திரும்பி வரும் எண்ணத்தோடு, உடைமைகளை வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால், அது இன்னும் உங்கள் முதன்மை வசிப்பிடமாகவே கருதப்படலாம். ஆண்டின் பெரும்பகுதியைக் கப்பலில் கழித்த கடலோடி ஒருவருக்கு, குடும்பம் வாழ்ந்த வீடே முதன்மை வசிப்பிடம் என்று 1991-இல் நீதிமன்றம் முடிவு செய்தது. கவுன்சில் வரிக்கு முந்தைய தலைவரிக் காலத்து வழக்கு என்றாலும், இன்றும் அந்த அணுகுமுறையே பின்பற்றப்படுகிறது. எத்தனை இரவு எங்கே தூங்கினீர்கள் என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. குடும்பம் எங்கே, பொருள் எங்கே, மருத்துவப் பதிவு எங்கே, திரும்பும் இடம் எது என்பனவும் பார்க்கப்படும். முதன்மை வசிப்பிடம் என்று ஏற்கப்பட்டால் வழக்கமான வரி மட்டுமே.

மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ இருப்பவரின் வீட்டுக்கு?

நிரந்தரமாக அங்கே போய்விட்டவரின் காலி வீட்டுக்கு வரி விலக்கு உண்டு. இதற்குக் கால வரம்பு இல்லை. முதுமையாலோ நோயாலோ மகள் வீட்டுக்குப் பராமரிப்புக்காகப் போனவரின் வீட்டுக்கும், தன் வீட்டை விட்டுவிட்டு வேறொருவரைப் பராமரிக்கப் போனவரின் வீட்டுக்கும் இதுபோன்ற விலக்குகள் தனியே உள்ளன. தமிழ்க் குடும்பங்களில் தாய் தந்தையரை நம்மோடு அழைத்து வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், இந்த இரண்டும் நம்மவருக்கு மிகவும் பொருந்தக்கூடியவை. இருந்தும் மிகக் குறைவாகவே கேட்டுப் பெறப்படுபவை இவைதாம் என்று தோன்றுகிறது. சிறையில் இருப்பவரின் வீட்டுக்கும் விலக்கு உண்டு. ஆனால் கவுன்சில் வரி கட்டாததற்காகச் சிறை சென்றவருக்கு அது கிடையாது.

வாடகைக்காரர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே போய்விட்டார். வரி யாருடையது?

யாரும் வசிக்காத வீட்டுக்குச் சட்டப்படி உரிமையாளரே பொறுப்பு. ஆனால் இந்த விதியில் உரிமையாளர் என்ற சொல், ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள குத்தகையை வைத்திருப்பவரையும் குறிக்கும். ஆகவே குத்தகை நடப்பில் இருக்கும்வரை, வீட்டைவிட்டுப் போன வாடகைக்காரரே வரிக்குப் பொறுப்பாக இருக்க நேரலாம். குத்தகை எந்தத் தேதியில் முடிந்தது என்பதைக் காட்டும் கடிதத்தை இரு தரப்பும் பத்திரப்படுத்த வேண்டும். தள்ளுபடி தராத கவுன்சிலில், ஒரு வாடகைக்காரர் போய் அடுத்தவர் வருவதற்கு இடையே உள்ள நான்கு நாளுக்கும் உரிமையாளருக்குச் சீட்டு வரும்.

விடுமுறைக்கு வருவோருக்கு நாள் வாடகைக்கு விட்டால் கவுன்சில் வரி வராதா?

ஆண்டில் 140 இரவாவது வாடகைக்குக் கிடைக்கும்படி வைத்திருந்து, அதில் 70 இரவாவது உண்மையில் வாடகைக்குப் போயிருந்தால், அந்த வீடு 2023 ஏப்ரல் முதல் வணிகச் சொத்து வரிக்கு மாற்றப்படும். இணையத்தில் விளம்பரம் போட்டதோடு நிறுத்திக்கொண்டவருக்கு இது பொருந்தாது.

வீடு காலியானதை நான் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். ஒரு தள்ளுபடியோ விலக்கோ உங்களுக்கு இனிப் பொருந்தாது என்று தெரிந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் 70 பவுண்டு தண்டம். மறுபடியும் தகவல் தராவிட்டால் ஒவ்வொரு முறையும் 280 பவுண்டு. ஆனால் தண்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. காலியான தேதியை நீங்கள் சொல்லாவிட்டால், கவுன்சில் தன்னிடம் உள்ள பதிவிலிருந்து தானே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளும். அது உண்மையான தேதிக்கு முந்தையதாக இருந்தால், பிரீமியமும் அத்தனை நாள் முன்னதாகத் தொடங்கும். மின்மானி எண்ணைப் படம் எடுத்தல், தளவாடங்களை ஏற்றிச் சென்ற வண்டியின் ரசீது, காலி அறைகளின் தேதியிட்ட படங்கள் ஆகிய மூன்றையும் அன்றன்றே எடுத்து வைத்தவர்கள் பின்னாளில் வாதாட வேண்டிய தேவையே ஏற்படுவதில்லை.

கவுன்சிலின் முடிவு தவறு என்று நினைக்கிறேன். என்ன செய்வது?

முதலில் கவுன்சிலுக்கே எழுத வேண்டும். தொலைபேசியில் பேசியதை மறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த நாளிலிருந்து எந்த விலக்கைக் கோருகிறீர்கள், அதற்கு என்ன சான்று என்பதைக் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அவர்கள் பதில் சொல்ல இரண்டு மாதம் உண்டு. மறுத்தால் அந்த முடிவு கிடைத்த இரண்டு மாதத்துக்குள்ளும், பதிலே வராவிட்டால் நீங்கள் முதலில் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள்ளும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முறையீடு நடக்கும்போதும் வரியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வென்றால் திரும்பக் கிடைக்கும்.

பிரீமியம் விதிக்கும் கொள்கையே தவறு என்று அங்கே வாதிடுவதில் பயனில்லை. கவுன்சிலின் தீர்மானத்தை அந்தத் தீர்ப்பாயம் மாற்றாது. உங்கள் வீடு அந்த வகைக்குள் வருகிறதா, எந்தத் தேதியிலிருந்து வருகிறது என்பனவற்றையே அது பார்க்கும்.

இரட்டை வரியைக் கட்ட என்னால் இயலாது.

வழக்கமான பத்துத் தவணையைப் பன்னிரண்டாக மாற்றித் தரும்படி கேட்கலாம். குறைந்த வருமானத்துக்கான வரிக் குறைப்பு, நீங்கள் வசிக்கும் வீட்டுக்கு மட்டுமே கிடைக்கும். காலி வீட்டுக்கு அது உதவாது. ஆனால் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஏ பிரிவின்படி, தனிப்பட்ட கடும் நெருக்கடியைக் கருதி எந்த வரியையும் குறைக்கும் பொது அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. வருமானம், செலவு, வீட்டை மீட்டெடுக்க எடுத்துவரும் நடவடிக்கை ஆகியவற்றை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் மிகவும் கெடுதல். நினைவூட்டல் கடிதத்துக்குப் பின் வழக்கு நீதித்துறை நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே, வரிப் பாக்கிக்கு நீங்களே பொறுப்பு என்னும் பொறுப்பாணை வழங்கப்பட்டபின் பாக்கி 1,000 பவுண்டை எட்டினால், அதை அந்த வீட்டின்மீதே பிணைக்கும் கடன்பிடிப்பு ஆணை பெறவும் கவுன்சிலால் முடியும்.

வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் என்ன நிலை?

வேல்ஸில் ஓராண்டுக்கு மேல் காலியான வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் 2017 முதல் 100 சதவீதம் வரையிலும், 2023 ஏப்ரல் முதல் 300 சதவீதம் வரையிலும் பிரீமியம் விதிக்கலாம். அங்கே விடுமுறை வாடகைக்கான வரம்பும் கடுமையானது: 252 இரவு கிடைக்க வேண்டும், 182 இரவு போக வேண்டும். ஸ்காட்லாந்தில் ஓராண்டு காலியான வீட்டுக்கு 2013 முதலே வரியை இரு மடங்காக்கும் அதிகாரம் கவுன்சில்களுக்கு உண்டு. இரண்டாம் வீட்டுக்கு அது 2024 ஏப்ரலில் வந்தது. வட அயர்லாந்தில் கவுன்சில் வரி என்ற ஒன்றே இல்லை. அங்கே நடப்பில் உள்ள பழைய வீட்டு வரியை 2011 அக்டோபர் முதல் காலி வீட்டுக்கும் முழுதாகக் கட்ட வேண்டும்.

நீண்ட நாள் காலியாக விட்டால் கவுன்சில் வீட்டையே எடுத்துக்கொள்ளுமா?

உரிமையை எடுத்துக்கொள்வது அரிது, ஆனால் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள முடியும். 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, தீர்ப்பாயத்தின் ஒப்புதல் பெற்று, காலி வீட்டைக் கவுன்சில் தன் பொறுப்பில் எடுத்துப் பழுதுபார்த்து வாடகைக்கு விடலாம். 2012 முதல், வீடு குறைந்தது இரண்டு ஆண்டு காலியாக இருந்து, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகவோ சேதப்படுத்துவோருக்கு இலக்காகவோ ஆகியிருந்தால் மட்டுமே இதற்கு இடமுண்டு. இந்த அதிகாரம் அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. காலி வீட்டு அலுவலரிடமிருந்து வரும் முதல் கடிதம் பெரும்பாலும் மிரட்டலாக இராது, வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பதாகவே இருக்கும். பழுதுபார்ப்புக்கான கடனோ மானியமோ அந்தக் கவுன்சிலில் இருந்தால், அதைப் பற்றிச் சொல்லக்கூடியவரும் அவரே என்பதால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள்.